ஒப்புக்குச் சப்பாணி

நீங்கள் தெருவில் விளையாடி வளர்ந்தவர்களாயின் 'ஒப்புக்குச் சப்பாணி' என்றால் யார் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இரு கட்சியாகப் பிரிந்து ஆள் எடுக்கும்போது, எந்தக் கட்சிக்கும் வேண்டாதவனாக ஒருவன் மிஞ்சுவான். பெரும்பாலும் யாருடைய தம்பியாகவாவது இருப்பான். அவனை விட்டுவிட்டு ஆடினால் வீட்டில் அடி விழும். எனவே சேர்த்துக்கொள்வார்கள். அவன் ஓடலாம், கத்தலாம், மற்றவர்களைத் தொடவும் செய்யலாம். ஆனால் அவனைத் தொட்டால் 'அவுட்' இல்லை. அவன் தொட்டாலும் 'அவுட்' இல்லை. ஆட்டத்தில் இருப்பான், கணக்கில் இருக்கமாட்டான்.

சப்பாணி என்பது கால்கள் முடங்கி நடக்க இயலாதவரைக் குறித்த பழைய சொல். நாங்கள் அதை யாரையும் புண்படுத்த வேண்டுமென்று சொன்னதில்லை. ஆயினும் அந்தச் சொல்லுக்குள் ஒரு தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. நடக்க இயலாதவன் கணக்கில் வரமாட்டான் என்பதே அத்தீர்ப்பு. அது சரிதானா என்பதைச் சிறிது இயற்பியலின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பள்ளி விளையாட்டு மைதானத்தின் மீது குறை சொல்லும் கட்டுரை இது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் குறையில் எனக்கும் பங்குண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

தேனி மாவட்டத்தில் பெரியகுளத்தை அடுத்த வடுகபட்டி என் ஊர். பூண்டு வியாபாரத்திற்குப் பெயர்போன ஊர். என் வகுப்புத் தோழன் ஒருவனுக்குக் குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளை வாதம் கண்டு, இடக்கால் சூம்பிவிட்டது. நாங்கள் படித்த பள்ளியின் பெயர் இங்கே வேண்டாம். அங்கு விளையாட்டுப் பாடவேளை வந்தால் நாங்கள் மைதானத்துக்கு ஓடுவோம். அவன் வேப்பமர நிழலுக்குப் போவான். எங்கள் பைகளையும் செருப்புகளையும் பார்த்துக்கொள்வது அவன் வேலை. "விழுந்து கையைக் காலை ஒடிச்சுக்கிட்டா யாருப்பா பதில் சொல்றது? நீ நிழல்ல உக்காரு" என்பார் ஆசிரியர். கொடுமைக்காரர் அல்லர் அவர், அன்பாகத்தான் சொல்வார். ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை, வாரத்திற்கு இரண்டு பாடவேளை என்று கணக்கிட்டால்கூட ஏறக்குறைய 400 பாடவேளைகள் அவன் அந்த நிழலில் உட்கார்ந்திருக்கிறான். அண்மையில் அவனைச் சந்தித்தபோது இதைப் பற்றிக் கேட்டேன். "அந்த மரத்துல எத்தனை கிளைன்னு இப்பவும் சொல்லுவேன் மாப்ளே" என்றான்.

மாலையில் தெருவில் கதையே வேறு. நொண்டியாட்டத்தில் அவனை வெல்ல எங்களில் ஒருவரும் கிடையாது. தரையில் ஒரு கட்டம் கிழிக்க வேண்டும். அதற்குள் மற்றவர்கள் இரு கால்களாலும் ஓடலாம். பிடிப்பவன் மட்டும் ஒரு காலை மடக்கிக்கொண்டு நொண்டியடித்தே பிடிக்க வேண்டும். மடக்கிய கால் தரையில் பட்டால் அவன் முறை போயிற்று. தோழனால் சூம்பிய காலைத் தானாக மடக்கிப் பிடிக்க இயலாது. ஆகவே, அவன் மட்டும் அந்தக் காலைக் கையால் பிடித்துக்கொள்ளலாம் என்று நாங்களே ஒரு விதி செய்துகொண்டோம். யார் முதலில் சொன்னது என்று நினைவில்லை. பெரியவர்கள் யாரும் சொல்லித் தரவில்லை என்பது மட்டும் நிச்சயம். அந்த ஒரு விதிக்குப் பிறகு எங்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது.

அவன் எப்படி வென்றான்? அதிசயம் ஒன்றுமில்லை. நாம் இரு கால்களில் நிற்கும்போது, இரு பாதங்களையும் அவற்றுக்கு இடைப்பட்ட நிலத்தையும் சேர்த்து அகன்ற ஓர் அடித்தளம் கிடைக்கிறது. உடலின் ஈர்ப்பு மையத்திலிருந்து கீழே இறங்கும் செங்குத்துக்கோடு அந்த அடித்தளத்துக்குள் விழும்வரை நாம் சாயமாட்டோம். ஒற்றைக் காலில் நிற்கும்போது அடித்தளம் ஒரு பாத அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. எனவே எங்களுக்கு நொண்டியடிப்பது என்பது அவ்வப்போது செய்யும் சர்க்கஸ். அவனுக்கோ சிறிய அடித்தளத்தின்மேல் உடலை நிறுத்துவது அன்றாட வாழ்க்கை. மேலும், 40 கிலோகிராம் எடையுள்ள சிறுவன் ஒவ்வொரு தாவலிலும் உடலை 10 செ.மீ. உயர்த்தினால் செலவாகும் ஆற்றல் சுமார் 40 ஜூல். முப்பது தாவலுக்கு 1,200 ஜூல். அவ்வளவையும் ஒரே கால் தரவேண்டும். ஆண்டுக்கணக்கில் உடலின் பாரத்தைச் சுமந்து பழகிய அவனுடைய வலக்கால் அதைத் தந்தது. எங்கள் கால்கள் பத்துத் தாவலுக்குள் கெஞ்சின. இளம்பிள்ளை வாதம் கண்ட எல்லாரும் இப்படி நொண்டியடித்துவிட முடியும் என்று நான் சொல்லவில்லை. ஒரே சிறுவன், ஒரே நாளில், பகல் மூன்று மணிக்குப் பை காப்பவனாகவும் மாலை ஆறு மணிக்கு வெல்ல முடியாதவனாகவும் இருந்தான் என்பதையே சொல்கிறேன். இடைப்பட்ட மூன்று மணி நேரத்தில் அவன் கால் மாறவில்லை. ஆட்டத்தின் விதிதான் மாறியது.

இனி, நீங்கள் எல்லாரும் அறிந்த ஒருவரைப் பற்றிப் பார்ப்போம். 2016-ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோவில் நடந்த பாராலிம்பிக் போட்டியில், உயரம் தாண்டுதலில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார் மாரியப்பன் தங்கவேலு. சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டிக்காரர். (ஊர்ப் பெயரின் ஒலியைக் கேட்டு எங்கள் தெருவில் சிலர் அவரை வடுகபட்டிக்காரர் என்றே நினைத்து இனிப்பு வழங்கிவிட்டார்கள். வழங்கியது வழங்கியதுதான்.) டோக்கியோ போட்டியில் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளியும், 2024-இல் பாரிஸில் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலமும் பெற்றார்.

அவருடைய கதை நம்மிடம் சொல்லப்பட்ட முறையில் எனக்கு ஒரு குறை உண்டு. ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பேருந்து ஏறி வலக்கால் நசுங்கியது, தாய் காய்கறி விற்றுக் காப்பாற்றினார், பிறகு தங்கம். பள்ளி விழாக்களிலும் இப்படித்தான் சொல்கிறோம். விபத்து, வறுமை, விடாமுயற்சி, வெற்றி. கேட்பவர் கண்ணில் நீர் வரும். ஆனால் நடுவில் ஒரு கண்ணி விடுபட்டுப் போகிறது. அவர் படித்த பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் அவரை நிழலில் உட்காரச் சொல்லவில்லை. உயரம் தாண்டிப் பார்க்கச் சொன்னார். 14 வயதில், உடற்குறை இல்லாத மாணவர்களோடு போட்டியிட்டு இரண்டாம் இடம் பெற்றார் மாரியப்பன். ரியோ வந்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. விடாமுயற்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், கோலும் குச்சியும் நட்டு 'தாண்டு' என்று ஒருவர் சொல்லாதிருந்தால், முயற்சியை எதன்மேல் காட்டுவது?

உயரம் தாண்டுதலின் இயற்பியலும் இங்கே கவனிக்கத்தக்கது. நிற்கும் மனிதனின் ஈர்ப்பு மையம் தொப்புளுக்கு அருகில், தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1.89 மீட்டரைத் தாண்டுவதற்கு அதை மேலும் 80 செ.மீ. போல உயர்த்த வேண்டும் என்று கொள்வோம். அதற்கு உடல் தரையை விட்டு எழும்பும் கணத்தில் செங்குத்தாக வினாடிக்கு 4 மீட்டர் வேகம் தேவை. பாதம் தரையை உதைக்கும் நேரமோ வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு, அல்லது அதனினும் குறைவு. அந்தச் சிறு நேரத்தில் இந்த வேகத்தை உண்டாக்க, உடல் எடையைப் போல மூன்று மடங்கு விசையை அந்த ஒற்றைப் பாதம் தாங்க வேண்டும். ஒற்றைப் பாதம் என்று ஏன் சொல்கிறேன்? உயரம் தாண்டுவோர் ஒரு காலால்தான் எழும்ப வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள விதி. எந்தக் கால் என்று விதி கேட்பதில்லை. குறைபாடு ஏதுமில்லாத வீரருக்கும்கூட இவ்வாட்டத்தில் இரு கால்களுக்கும் இரு வேறு வேலை. ஒன்று உதைக்கிறது, மற்றது வீசி உதவுகிறது. இரு கால்களும் ஒன்றுபோல் இல்லாத ஒரு மாணவனுக்கு முதலில் எந்த ஆட்டத்தைக் காட்டலாம் என்று யோசிக்கிற ஆசிரியருக்கு இது சிறிய செய்தியன்று.

'விதியை மாற்றினால் ஆட்டத்தின் தரம் கெட்டுவிடாதா?' என்று சிலர் கேட்பார்கள். கைப்பந்து வலையின் உயரம் ஆடவருக்கு 2.43 மீட்டர், மகளிருக்கு 2.24 மீட்டர். குண்டு எறிதலில் ஆடவர் குண்டு 7.26 கிலோகிராம், மகளிர் குண்டு 4 கிலோகிராம். சிறுவர்களுக்கு இன்னும் குறைவு. இதனால் தரம் கெட்டது என்று யாரும் புலம்பக் கேட்டதில்லை. உடலுக்கேற்ப விதியை மாற்றுவது விளையாட்டின் இயல்பிலேயே இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட மாணவனிடம் வரும்போது மட்டும் அந்த விதி கல்வெட்டாகிவிடுகிறது.

அமர்ந்தபடி ஆடும் கைப்பந்து 1956-இல் நெதர்லாந்தில் தொடங்கியது. அங்கே ஆடவர் வலையின் உயரம் 1.15 மீட்டர்தான். சக்கர நாற்காலி டென்னிஸில் பந்து இருமுறை தரையில் பட்டு எழலாம். ஏனைய விதிகள் பெரும்பாலும் நீங்கள் அறிந்தவையே. அந்த ஒரு கூடுதல் துள்ளல், நாற்காலியைத் திருப்பி ஓட்டிவர வேண்டிய நேரத்தைத் தருகிறது. அவ்வளவுதான் மாற்றம்!

என்னை மிகவும் கவர்ந்தது பார்வையற்றோர் கிரிக்கெட். 1922-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத் தொழிற்சாலை ஒன்றில், பார்வையற்ற தொழிலாளர் இருவர் தகர டப்பாவில் கற்களைப் போட்டு ஆடத் தொடங்கினார்கள். இன்று பயன்படுவது, உள்ளே சிறு உலோகக் குண்டுகள் உருளும் கெட்டிப் பிளாஸ்டிக் பந்து. கையை உயர்த்தாமல் தரையோடு உருட்டி வீச வேண்டும். வீசுவதற்கு முன் பந்து வீச்சாளர் 'தயாரா?' என்று கேட்க வேண்டும். மட்டைக்காரர் மறுமொழி தந்த பின்னரே வீசலாம். இதற்கும் மேலே ஒரு விதி உண்டு. முற்றிலும் பார்வையற்ற ஆட்டக்காரர் எடுக்கும் ஒவ்வோர் ஓட்டமும் இரண்டாகக் கணக்கிடப்படும். அணியில் அத்தகையோர் குறைந்தது நான்கு பேர் இருந்தாக வேண்டும். நம் ஒப்புக்குச் சப்பாணியை நினைத்துப் பாருங்கள். நாம் யாரைக் கணக்கிலிருந்தே நீக்கினோமோ, அவரை இந்த விதி இரட்டிப்பாகக் கணக்கில் சேர்க்கிறது. அவரில்லாமல் அணி வெல்லாது. ஆகவே அவருக்குப் பயிற்சி தராமல் இருக்க முடியாது. உலகக் கோப்பையை இந்திய அணி பலமுறை வென்றிருக்கிறது.

பந்து வரும் திசையைக் காது எப்படிக் கண்டுபிடிக்கிறது? காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர். நம் இரு காதுகளுக்கும் இடையே ஏறக்குறைய 20 செ.மீ. பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி, ஒரு காதை விட மறு காதை வினாடியில் பத்தாயிரத்தில் ஆறு பங்கு தாமதமாக அடைகிறது. இந்த அற்ப வேறுபாட்டையும், தலை மறைப்பதால் ஒலி சற்றுக் குறைவதையும் கொண்டு மூளை திசையைக் கணிக்கிறது. பார்வையுள்ள நமக்கும் இத்திறன் உண்டு. கண் இருப்பதால் நாம் அதைத் தீட்டுவதில்லை. ஆனால் உருளும் பந்தில் ஒரு குறையும் உண்டு. பந்து நின்றுவிட்டால் சத்தமும் நின்றுவிடும். தேடித் தடவ வேண்டும். மைதானம் அமைதியாக இருக்க வேண்டியதும் கட்டாயம். 1946-இல் தோன்றிய 'கோல்பால்' என்னும் ஆட்டத்தில், 1.25 கிலோகிராம் எடையுள்ள மணிப் பந்து உருண்டு வரும்போது பார்வையாளர்கள் வாய் திறக்கக் கூடாது. ஆடுபவர் அனைவரும் கண்ணை முழுதும் மறைத்துக்கொள்வார்கள்; சிறிது பார்வை உள்ளவரும் இதற்கு விலக்கல்லர். நம் கண்ணாமூச்சிதான், வேறென்ன?

செவித்திறன் குறைந்தவர்களை ஒதுக்குவதற்குக் காரணமே கிடையாது. மதுரை மாநகராட்சிப் பள்ளி மாணவியாக இருந்த ஜெர்லின் அனிகா, 2022-ஆம் ஆண்டு மே மாதம் பிரேசிலில் நடந்த செவித்திறன் குறைந்தோர் ஒலிம்பிக்கில் இறகுப் பந்தாட்டத்தில் மூன்று தங்கம் வென்றார். இறகுப் பந்தைக் கண்ணால் பார்த்துத்தான் அடிக்கிறோம். ஓட்டப் பந்தயத்தில் ஆசிரியரின் ஊதல் மட்டுமே தடை. ஊதலோடு கையிலுள்ள கொடியையும் கீழே வீழ்த்தினால் அத்தடை நீங்கிவிடும். ஒரு கைக்குட்டை போதும்.

இவ்வளவு எளிதென்றால் ஏன் நடப்பதில்லை? சட்டம் இல்லாமலில்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கல்வி நிலையங்கள் இம்மாணவர்களுக்கு விளையாட்டு வாய்ப்பை மற்றவர்களுக்குச் சமமாகத் தர வேண்டும் என்று தெளிவாகவே கூறுகிறது. 5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலை நன்கு இயக்கி விளையாட வேண்டும் என்று 2020-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியபோது, உடற்குறையுள்ள பிள்ளைகளுக்கும் அதே 60 நிமிடத்தைத்தான் சொன்னது. நாமோ ஆண்டுக்கு ஒரு நாள் தருகிறோம். டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாள்.

அத்தகைய விழா ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் உதவியாளனாக நின்றேன். ஓட்டம், பந்து எறிதல், இசை நாற்காலி எல்லாம் நடந்தன. ஊன்றுகோலுடன் ஓடிய சிறுவன் ஒருவன், எல்லைக் கோட்டைக் கடந்து மூச்சு வாங்கிக்கொண்டே என்னிடம் வந்து, "சார், நான் எத்தனாவது?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவருக்கும் தெரியவில்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி டிபன் பாக்ஸ் கொடுப்பதாக இருந்ததால், யார் எத்தனையாவதாக வந்தார்கள் என்று குறித்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. எல்லைக் கோட்டில் நிறுத்தப்பட்டவன் நான். கையில் நிறுத்துக் கடிகாரமும் இருந்தது. ஆய்வகத்தில் ஊசல் இருபது அலைவுக்கு எடுக்கும் நேரத்தை மாணவர் அரை வினாடி தவறாகக் குறித்தால் திருப்பிச் செய்யச் சொல்லும் நான், அன்று அந்தக் கடிகாரத்தை அழுத்தவேயில்லை. கை தட்டிக்கொண்டிருந்தேன். அவன் மூன்றாவதாக வந்திருக்கலாம் என்று பின்னர் யாரோ சொன்னார்கள். அவன் டிபன் பாக்ஸை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அடிபட்டுவிடுமே என்ற அச்சத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. எலும்பு பலவீனமான பிள்ளைகளும், வலிப்பு வரக்கூடிய பிள்ளைகளும் உண்டு. மருத்துவரைக் கேட்டே ஆட வைக்க வேண்டும். ஆனால் உட்கார வைப்பதும் பாதுகாப்பன்று. இயங்காத தசை மெலியும். இயங்காத மூட்டு இறுகும். இரண்டாம் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்ட வீரர்களுக்கு மருத்துவம் செய்த லுட்விக் குட்மன், இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் விளையாட்டையே சிகிச்சையின் பகுதியாக்கினார். 1948 ஜூலை 29-ஆம் நாள், லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய அன்றே, அவர் அங்கு நடத்திய வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டவர்கள் 16 பேர். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய பாராலிம்பிக்.

உடற்கல்வி ஆசிரியர் ஒருவரே ஐம்பது அறுபது பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்பது நியாயமான கேள்வி. மைதானமும் ஒத்துழைப்பதில்லை. சக்கர நாற்காலியின் முன்சக்கரங்கள் சிறியவை. பாரம் சிறிய பரப்பில் இறங்குவதால் அழுத்தம் மிகுந்து மணலில் புதைந்துவிடும். மைதானம் முழுவதையும் சிமெண்ட் பூச வேண்டாம். ஓர் ஓரத்தில் செம்மண் கொட்டி, நீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டித்த பத்துக்கு ஆறு மீட்டர் தரை போதும். அமர்ந்து ஆடும் கைப்பந்துக் களத்தின் அளவே அவ்வளவுதான். மற்ற பிள்ளைகளும் அதில் உட்கார்ந்து ஆடட்டும். அப்போது ஆசிரியருக்குத் தனியாக ஒரு வகுப்பு எடுக்கும் வேலையும் இல்லை.

மாணவ நண்பர்களே, பார்வையற்றோர் பந்தை நீங்களே செய்து பார்க்கலாம். கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் பந்தில் சிறு கீறல் இட்டு, சைக்கிள் கடையில் கேட்டு வாங்கிய பழைய பால்ரஸ் குண்டுகள் பதினைந்தை உள்ளே போடுங்கள். கீறலைப் பஞ்சர் ஒட்டும் பசையால் அடைத்து ஒரு நாள் காயவிடுங்கள். பத்துப் பேர் கண்ணைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். ஒன்பது மீட்டர் தொலைவிலிருந்து ஒருவர் பந்தைத் தரையோடு உருட்ட, ஒவ்வொருவரும் அது வரும் திசையைக் கையால் காட்ட வேண்டும். காட்டிய திசைக்கும் உண்மைத் திசைக்கும் உள்ள கோணத்தைப் பாகைமானியால் அளந்து எழுதுங்கள். பிறகு ஒரு காதைப் பஞ்சால் அடைத்துக்கொண்டு மீண்டும் செய்யுங்கள். உங்கள் பள்ளியில் பார்வை குறைந்த மாணவர் இருந்தால் அவரையும் பத்தில் ஒருவராகச் சேர்த்து, அவருடைய அளவையும் அட்டவணையில் எழுதுங்கள். பந்து போதிய அளவு சத்தமிடவில்லையென்றால் குண்டுகளைக் குறைத்துப் பாருங்கள். அதிகம் போட்டால் அவை ஒன்றையொன்று நெருக்கி, உருளாமல் நின்றுவிடும்.